பொய் சொன்னது எந்த ஜீன்?

முன்குறிப்பு: அடியேன் பொட்டி தட்டுறவன். உயிரியலை ப்ளஸ் டூவோட தலைமுழுகியாச்சு. தப்பு இருந்தா பின்னூட்டத்துல குட்டுங்க :-)

அக்கா பயோடெக்னாலஜில பிஎச்டி பண்றா. போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை ராத்திரி போன். "டேய், ஒரே ஜீன். ஒரு முறைல நாலு மடங்கு ஏறியிருக்குன்னு வருது, இன்னொண்ணுல மாறவே இல்லைன்னு வருது. மூணு வாரத்துல கான்ஃபரன்ஸ். கைடு ஸ்லைடே போட்டுட்டார்டா." குரல் சரியில்லை.

மேட்டர் இதுதான். நம்ம உடம்புல கிட்டத்தட்ட எல்லா செல்லுலயும் ஒரே டிஎன்ஏதான். கல்லீரல் ஒரு மாதிரியும் மூளை வேற மாதிரியும் இருக்கக் காரணம், எந்த ஜீன் எவ்வளவு வேலை செய்யுதுங்கறது. ஜீன் வேலை செஞ்சா அதோட ஆர்என்ஏ நகல்கள் உருவாகும். நகலை எண்ணினா விஷயம் தெரிஞ்சுடும். அந்த எண்றதுலதான் அத்தனை சிக்கலும்.

1977-ல வந்த நார்தர்ன் பிளாட்ல ஒரு தடவைக்கு ஓரிரு ஜீனைத்தான் பார்க்கலாம், அதுக்கே நிறைய ஆர்என்ஏ வேணும். 1995-ல ஸ்டான்ஃபோர்டுல மைக்ரோஅரே வந்தது. முதல் கட்டுரைல அரபிடாப்சிஸ்ங்கற சின்னச் செடியோட 45 ஜீன்களை ஒரே நேரத்துல பார்த்தாங்க. அப்புறம் அது ஆயிரக்கணக்காச்சு. ஆனா சில்லுல நீங்க வைக்காத ஜீன் கண்ணுல படாது. நம்ம க்ரெப் மாதிரி, கேட்டதைத்தான் தேடும். ரொம்பக் குறைவா இருக்கற ஜீன் இரைச்சல்ல மறைஞ்சுடும், ரொம்ப அதிகமா இருந்தா புள்ளி நிரம்பிப் போயிடும்.

அக்கா பயன்படுத்தினது வேற ரெண்டு. ஒண்ணு க்யூபிசிஆர். ஆர்என்ஏவை டிஎன்ஏவா மாத்தி, சுத்துக்குச் சுத்து ரெட்டிப்பாக்கி, எத்தனாவது சுத்துல வெளிச்சம் தெரியுதுன்னு பார்க்கறது. ரெண்டு சுத்து முன்னாடி தெரிஞ்சா ஆரம்பத்துல நாலு மடங்கு இருந்திருக்குன்னு அர்த்தம். இன்னொண்ணு ஆர்என்ஏ-சீக். எல்லாத்தையும் துண்டு போட்டு, கோடிக்கணக்கான துண்டுகளைப் படிச்சு, எது எந்த ஜீனோடதுன்னு எண்றது.

"ஆர்என்ஏ-சீக் எல்லாத்தையும் படிக்குதுல்ல? அப்ப அதுதான் சரி"ன்னு உடனே தீர்ப்பு சொல்லிட்டேன். ஐடி திமிர்.

அவ அனுப்பின எக்செல்லைத் திறந்து பார்த்தா, மருந்து கொடுத்த செல்லுலயும் கொடுக்காத செல்லுலயும் அந்த ஜீன் ஒரே சுத்துலதான் தெரிஞ்சிருக்கு! ரெண்டு பக்கமும் ஒரே அளவு ஆர்என்ஏதான் எடுத்திருக்கா. அப்புறம் எப்படி நாலு மடங்கு?

க்யூபிசிஆர்ல கிடைச்ச அளவை அப்படியே சொல்ல மாட்டாங்க. மாறவே மாறாதுன்னு நம்பற இன்னொரு ஜீனால வகுப்பாங்க. அக்கா எடுத்தது கேப்டிஹெச். சர்க்கரையை உடைக்கற என்சைமுக்கான ஜீன், எல்லா செல்லுக்கும் தேவை, அதனால நிறைய பேர் அதையே எடுக்கறாங்க. இங்க அந்த மருந்து கேப்டிஹெச்சையே குறைச்சிடுச்சு. மருந்து கொடுத்த செல்லுல அது ரெண்டு சுத்து தள்ளித் தெரிஞ்சிருக்கு. மேல இருக்கற எண் அப்படியே இருக்க, வகுக்கற எண் கால்வாசி ஆனா விடை நாலு மடங்குதானே! மாறாததை நிரூபிக்காம ஒரே ஒரு ஜீனை நம்பக் கூடாதுன்னு 2009-லயே க்யூபிசிஆர் வழிகாட்டு நெறிகள்ல எழுதி வெச்சிருக்காங்களாம். "படிச்சிருக்கேன்டா, லேப்ல எல்லாரும் இதைத்தான் போடறாங்க"ன்னா.

ஜெயிச்சுட்டோம்னு நினைச்சேன். இன்னொரு ஜீன் ஆர்என்ஏ-சீக்ல பூஜ்யமா இருந்தது. "இது ஆஃப்ல இருக்கு"ன்னேன். அக்கா சிரிச்சா. க்யூபிசிஆர்ல அது தெளிவா இருக்கு! ஆர்என்ஏ-சீக் எல்லாத்தையும் படிக்கறதில்லை, ஒரு கை அள்ளிப் பார்க்குது. அதிகமா இருக்கற ஜீன்களே முக்கால்வாசி இடத்தைப் பிடிச்சுக்கும், ஏழை ஜீனுக்கு ஒரு துண்டும் கிடைக்காமப் போகலாம். போதாததுக்கு அதுவும் மொத்தத்தால வகுக்குது. எல்லா ஜீனும் சேர்ந்து ஏறினா அதுக்குத் தெரியவே தெரியாது.

இதெல்லாம் சரியாவே இருந்தாலும் கையில இருக்கறது ஆர்என்ஏ கணக்குதான், செல்லுல வேலை செய்யற புரதம் வேற கணக்கு. ஈஸ்ட்ல 1999-ல வந்த ஆய்வுல, ஆர்என்ஏ ஒரே அளவு இருந்த சில ஜீன்களுக்குப் புரதம் 20 மடங்குக்கும் மேல வித்தியாசப்பட்டிருக்கு.

அக்கா மறுநாள் கைடுகிட்ட போய்ச் சொல்லிட்டா. கான்ஃபரன்ஸ்ல இருந்து விலகிட்டாங்க. அவர் கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "இப்பவே தெரிஞ்சதே, அது போதும்"னாராம். இப்ப இன்னும் ரெண்டு மாறாத ஜீன்களைத் தேடிட்டு இருக்கா. ஆறு மாசம் தள்ளிப் போகும் போல.

நான் ஆபீஸ் போய் முதல் வேலையா எங்க டாஷ்போர்டைத் திறந்தேன். எர்ரர் சதவீதம் குறைஞ்சிருக்குன்னு போன வாரம்தான் பாராட்டு வாங்கினோம். எதால வகுத்தோம்னு பார்த்தா, மொத்த ரிக்வெஸ்ட் எண்ணிக்கை ரெட்டிப்பாகியிருந்தது. எர்ரர் அப்படியேதான் இருந்தது.

உங்க டாஷ்போர்டுல கீழ இருக்கற எண்ணை யாராவது பார்த்தீங்களா மக்களே?