சிலிப்பர் கட்டை வாசமும் ஒரு மீனின் ஈரலும்

சியாட்டில் நகரத்துப் படகுத்துறையிலிருந்து பெயின்பிரிட்ஜ் தீவுக்கு 35 நிமிடப் பயணம். கார்களையே வரிசை வரிசையாக ஏற்றிக்கொள்ளும் பெரிய படகு. பின்னால் நகரத்துக் கட்டடங்கள் சிறுத்துக்கொண்டே போக, தெற்கே ரெய்னியர் மலை தரையைத் தொடாமல் மிதப்பதுபோல் வெள்ளையாக நின்றது. எல்லோரும் மலையைப் படம் பிடித்தார்கள். நான் முன்தளத்துக்குப் போய் நின்றுகொண்டேன். நான் வந்தது கடலடிச் சேறு ஒன்றுக்காக. அந்தச் சேற்றில் படுத்துக்கிடக்கும் மீனுக்காக.

படகு தீவின் ஈகிள் ஹார்பர் வளைகுடாவுக்குள் நுழையும்போது இடப்பக்கம் ஒரு முனை தெரியும். வைக்காஃப் என்ற ஆலை அங்கேதான் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து 1988 வரை அங்கே மரங்களைக் கிரியோசோட் எண்ணெயில் ஊறவைத்துப் பதப்படுத்தினார்கள். கிரியோசோட் என்ற பெயர் நமக்குப் பழக்கமில்லை. ஆனால் சித்திரை வெயிலில் ரயிலடியில் நின்றால் தண்டவாளத்துக்கு அடியிலிருந்து தார் கலந்த காரமான வாசம் ஒன்று எழுந்து வருமே, சிலிப்பர் கட்டையின் வாசம், அதுதான் இது. கான்கிரீட் கட்டைகள் வந்தபிறகு பிறந்த பிள்ளைகளுக்கு அது தெரியாது. தீவில் இறங்கி, வளைகுடாவைச் சுற்றிக்கொண்டு தென்கரைக்குப் போய் ஒரு பழைய மரத்தூணின் அருகே நின்றபோது அதே வாசம் வந்தது. உலகத்தின் மறுகோடியில் நின்றுகொண்டு என் சிறுவயது ரயிலடியை முகர்ந்தேன்.

நான் தேடி வந்த மீனுக்கு இங்லிஷ் சோல் என்று பெயர். நம் நாக்கு மீனுக்குத் தூரத்து உறவு. குஞ்சில் மற்ற மீன்களைப்போல் பக்கத்துக்கு ஒரு கண்தான். வளர வளர ஒரு கண் நகர்ந்து மறுபக்கத்துக் கண்ணோடு சேர்ந்துகொள்ளும். அதன்பிறகு ஆயுள் முழுக்க ஒருக்களித்தபடி, சேற்றோடு சேறாகக் கிடக்கும். தின்பதும் சேற்றுப் புழுக்களையும் சின்னச் சிப்பிகளையும்தான். சேற்றில் எது கலந்தாலும், ஆலையிலிருந்து கசிந்த கிரியோசோட்டாக இருந்தாலும், அது இந்த மீனுக்குள் போகாமல் இருக்காது.

அமெரிக்க அரசின் மீன்வள ஆய்வு மையம் சியாட்டிலின் மான்ட்லேக் பகுதியில் இருக்கிறது. அங்கிருந்த டொனால்ட் மாலின்ஸ், மார்க் மையர்ஸ் முதலான விஞ்ஞானிகள் எண்பதுகளின் தொடக்கத்தில் ஈகிள் ஹார்பரில் வலை இழுத்து இந்த மீன்களின் வயிற்றைத் திறந்து பார்த்தார்கள். ஈரலில் கட்டிகள். 1983 முதல் 1986 வரை நடந்த ஆய்வுகளில் 80 சதவீதம் வரையான மீன்களின் ஈரலில் நச்சால் வந்த கோளாறுகள் தெரிந்தன. புற்றுக்கட்டிகளும் அவற்றில் சேர்த்தி.

இதில் என்னை உலுக்கியது நோய் வரும் வழி. கிரியோசோட்டில் உள்ள பல்வளைய ஹைட்ரோகார்பன்கள் மீனின் சதையில் அதிகம் தங்குவதில்லை. ஈரல் அவற்றை உடைத்துப் பித்தநீர் வழியே வெளியே தள்ளப் பார்க்கிறது. அப்படி உடைக்கும்போது இடையில் உருவாகும் பொருள் ஈரல் உயிரணுக்களின் டிஎன்ஏவிலேயே போய் ஒட்டிக்கொள்கிறது. உடம்பைக் காப்பாற்றப் போராடும் உறுப்புக்கே காயம். சதையை மட்டும் சோதித்துவிட்டு மீன் சுத்தம் என்று ஒருவர் சான்றிதழே கொடுத்துவிடலாம். அதனால்தான் இந்த விஞ்ஞானிகள் பித்தநீரில் கலந்திருக்கும் ஒளிரும் கழிவுகளை அளந்தார்கள். பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் படித்து சியாட்டிலுக்கு வந்த உஷா வாரணாசி இந்தத் துறையை வளர்த்தவர்களில் முக்கியமானவர். பின்னாளில் அந்த மையத்துக்கே இயக்குநரானார்.

சேறும் கெட்டிருக்கிறது, மீனும் கெட்டிருக்கிறது. ஒன்றால்தான் மற்றது என்று எப்படிச் சொல்வது? அந்தச் சேற்றிலிருந்து ரசாயனங்களைப் பிரித்தெடுத்து, நலமாக இருந்த மீன்களுக்கு ஊசி வழியே செலுத்தினார்கள். ஈரலில் அதே வகையான ஆரம்ப மாற்றங்கள் தோன்றின. அதற்குமேல் சந்தேகத்துக்கு இடம் குறைவு.

1987இல் அரசு இந்த இடத்தை, கட்டாயம் சுத்தம் செய்யவேண்டிய நச்சு நிலங்களின் பட்டியலில் சேர்த்தது. 1993-94இல் மிக மோசமான 54 ஏக்கர் கடலடியின்மேல், ஸ்னோஹோமிஷ் ஆற்றில் தூர்வாரிய நல்ல மணலைக் கொட்டி மூடினார்கள். போர்வை போர்த்திய மாதிரி. பெரும்பாலும் இத்தோடு விழா எடுத்துக் கல்வெட்டு வைத்து விடுவார்கள். விஞ்ஞானிகளோ மறுபடியும் வலை இழுத்தார்கள். முதல் இரண்டு ஆண்டுகளில் பதில் தெளிவாக இல்லை. ஈரல் நோய் ஒருமுறை குறைவாகவும் ஒருமுறை கூடுதலாகவும் தெரிந்தது. அங்கேயே நிறுத்தியிருந்தால் மணல் கொட்டியது வீண் என்று எழுதி முடித்திருப்பார்கள். நிறுத்தவில்லை. மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு இறக்கம் தெரிந்தது. சுமார் நான்காம் ஆண்டிலிருந்து 2004 ஏப்ரல் வரை ஈரல் நோய்க்கான அபாயம், மூடத் தொடங்கியபோது இருந்ததில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழேயே நின்றது. மூடியபின் மட்டும் 128 மாதங்கள் அந்த ஒரே மீன் இனத்தைப் பின்தொடர்ந்திருக்கிறார்கள். இந்தப் பொறுமைதான் எனக்கு ரெய்னியர் மலையைவிடப் பெரிதாகப் பட்டது.

தென்கரையில் இன்னொன்றும் இருக்கிறது. 1942 மார்ச் 30 அன்று, இந்தத் தீவில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் 227 பேரை ராணுவம் இங்கிருந்துதான் படகில் ஏற்றித் தடுப்பு முகாமுக்கு அனுப்பியது. சிடார் மரத்தில் அவர்களுக்கு நினைவுச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். பெயர்களைத் தொட்டபடி நடந்தேன். பக்கத்தில் அலை வந்து போய்க்கொண்டிருந்தது. ஆலை இருந்த நிலமும் இந்தச் சுவரும் இன்று ஒரே கரையில் நிற்கின்றன.

வேலை இன்னும் முடிந்துவிடவில்லை. ஆலை நின்ற தரைக்கு அடியில் கிரியோசோட் இருக்கிறது. அது கடலுக்குள் கசியாமல் இருக்கச் சுவர் எழுப்பி, நிலத்தடி நீரை இறைத்துச் சுத்திகரித்து வந்திருக்கிறார்கள்.

எந்த ஊரிலாவது ஒரு கழிமுகத்தையோ ஏரியையோ சுத்தம் செய்துவிட்டோம் என்று யாராவது அறிவித்தால், அவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: அங்குள்ள மீனின் ஈரலை இன்னும் எத்தனை ஆண்டுகளுக்குப் பார்க்கப்போகிறீர்கள்?