காலை வணக்கம்

எங்கள் ஊரில் பொழுது விடிந்ததைச் சேவல் கூவி அறிவிப்பதில்லை. கைப்பேசி ஒலித்து அறிவிக்கிறது. எங்கள் ஊர் என்று நான் சொல்வது ஆனேக்கல்லை. பிறந்தது தருமபுரிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்று. 2010ஆம் ஆண்டில், எனக்கு எட்டு வயது நடக்கும்போது, அப்பாவுக்கு ஜிகணியில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. அன்று மூட்டை முடிச்சுகளோடு வந்தவர்கள் இன்றுவரை அங்கேயே இருக்கிறோம். நம் மன்றத்து நண்பர்களிற் பலர் முத்யாலமடுவு அருவிக்குப் போகும் வழியில் அவ்வூரைப் பார்த்திருப்பீர்கள். பட்டுத் தறிகளின் ஓசையைக் கேட்டிருக்கமாட்டீர்கள். சிற்றுந்தில் பாட்டு அலறும்போது தறியோசை காதில் விழுமா?

காலை ஐந்தரை மணிக்கு முதல் வணக்கம் வரும். செம்பருத்திப் பூ ஒன்று, ஆவி பறக்கும் காப்பி ஒன்று, அவற்றின்மேல் ‘இனிய காலை வணக்கம்’ என்ற எழுத்து. அதைத் தொடர்ந்து நாற்பது வீட்டிலிருந்து நாற்பது வணக்கம். பிறகு ஒரு நகைச்சுவைத் துணுக்கு. அதற்கும் பிறகு ‘வரலாற்றில் ஒரு செய்தி’. ஆனேக்கல்லிலும் சுற்று வட்டாரத்திலும் பிழைக்க வந்த தமிழர்களின் வாட்சாப் குழு அது. 2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது அத்திப்பள்ளி எல்லை அடைபட்டுக் கிடந்தது. அப்பால் ஓசூர், இப்பால் நாங்கள். அனுமதிச் சீட்டு யாருக்குக் கிடைத்தது, எந்த வண்டி போகிறது, காய்கறி எங்கே விற்கிறது என்று சொல்லிக்கொள்ளத் தொடங்கியது அக்குழு. எல்லை திறந்தது, குழு மூடவில்லை. கேட்க வேண்டிய செய்தி எல்லாம் தீர்ந்துபோன பின் மிஞ்சியது வணக்கம் ஒன்றே.

எனக்கோ அதில் வெறுப்பு. இயற்பியலில் முதுகலை படிக்கும் மாணவனுக்குச் செம்பருத்திப் பூவால் ஆவதென்ன? இந்தியரின் காலை வணக்கப் படங்கள் கைப்பேசிகளின் நினைவகத்தை நிரப்பி அடைத்துவிடுகின்றன என்று கூகுள் நிறுவனத்தாரே கண்டு, அவற்றைப் பொறுக்கி எடுத்து அழிப்பதற்கு 2018இல் வழி செய்து கொடுத்தார்கள். அந்த வழியை முதலில் பயன்படுத்திய நல்லவர்களில் நானும் ஒருவன். எத்தனையோ ஆண்டுகள் அக்குழுவில் இருந்தும் ஒரு நாளாவது நான் வணக்கம் சொன்னதில்லை.

முதல் வணக்கம் போடுபவர் ஒரு பெரியவர். சேலத்துக்காரர், இளமையிலேயே ஆனேக்கல்லுக்கு வந்து நாற்பது ஆண்டு பட்டு நெய்தவர். கண் மங்கியதும் தறியை விட்டார். மனைவியார் மறைந்தபின் தனியே ஓர் அறையில் இருக்கிறார். அவருடைய நகைச்சுவையில் பாதி கன்னடத்திற்கும் தமிழுக்கும் இடையே தடுக்கி விழுந்தவர்களைப் பற்றியது. புதிதாகக் குடிவந்த தமிழரை வீட்டுக்காரர் வாசலில் நின்று, “பன்னி, பன்னி” என்று அன்போடு அழைத்தாராம். “பணம் கொடுத்துக் குடிவந்தும் இந்தப் பேச்சா?” என்று இவர் மூட்டையைத் திரும்பத் தூக்கினாராம். கன்னடத்தில் ‘பன்னி’ என்றால் ‘வாருங்கள்’ என்பதை நம்மில் யார்தான் இப்படிப் பட்டுத் தெரிந்துகொள்ளவில்லை?

அவருடைய வரலாற்றுச் செய்திகளும் எல்லாம் வெறும் கதை அல்ல. ஆனேக்கல் என்பதை நாங்கள் யானைக்கல் என்றே நினைத்திருந்தோம். “யானையும் இல்லை, பாறையும் இல்லை, கன்னடத்தில் ஆனெகல்லு என்றால் வானத்திலிருந்து விழுகிற ஆலங்கட்டி” என்று எழுதிக் குழுவையே ஒரு நாள் கலக்கிவிட்டார். சிவசமுத்திரத்துக் காவிரி அருவியில் எடுத்த மின்சாரம் 1902இல் முதலில் போனது கோலார் தங்கவயலுக்கு. பெங்களூர்த் தெருவில் விளக்கு எரிந்தது 1905இல்தான் என்று இன்னொரு நாள் எழுதினார். தங்கவயலில் பிறந்த அம்மாள் ஒருவர் குழுவில் இருக்கிறார். அவருடைய பாட்டனார் அந்தச் சுரங்கத்தில் இறங்கியவர். அன்று அவர் கைகூப்பும் பொம்மைகளை வரிசையாகப் பத்து வைத்தார். நான் இவற்றை எல்லாம் படித்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். படித்துவிட்டுத்தான் அழித்தேன்.

சென்ற மார்ச் மாதத்தில் ஒரு நாள் வந்த செய்தி வேறு மாதிரியானது. யாரோ எழுதி, எவரெவரோ கைமாற்றி, அவர் கைக்கு வந்து சேர்ந்தது. “பெங்களூர் என்ற பெயர் முதன்முதலாகக் காணப்படுவது தமிழ்க் கல்வெட்டில்தான்; பழைய கன்னடக் கல்வெட்டு எதிலும் அப்பெயர் இல்லை; உண்மையான தமிழன் இதைப் பத்துப் பேருக்கு அனுப்புவான்.” எங்கள் தெருப் பையன் ஒருவன் உண்மையான தமிழனாக இருக்க விரும்பி, தான் வேலை செய்யும் பட்டறைக் குழுவுக்கு அதை அனுப்பினான். அங்கே பாதிப்பேர் கன்னடர். மாலைக்குள் பட்டறையில் பேச்சு தடித்துவிட்டது.

2016 செப்டம்பரில் எனக்குப் பதினான்கு வயது. காவிரித் தகராறில் பெங்களூரில் தமிழ்நாட்டுப் பேருந்துகள் வரிசையாக எரிந்த அந்த நாளில், தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட தம் வண்டியின்மேல் அப்பா சாக்கைப் போர்த்திக்கொண்டிருந்தார். நான் விளக்குப் பிடித்தேன். எங்கள் வீட்டுக்காரர் கன்னடர். அவர் வந்து ஒன்றும் பேசாமல் வண்டியைத் தம் வீட்டுக்குள் தள்ளிக்கொண்டுபோய் நிறுத்தினார். 2018 மே மாதத்தில் இதே நகரின் சாமராஜபேட்டையில், வடக்கிலிருந்து பிழைக்க வந்த ஓர் இளைஞரைப் பிள்ளை பிடிப்பவர் என்று எண்ணிக் கூட்டத்தார் அடித்தே கொன்றார்கள். கைப்பேசிகளில் பரவிய வதந்திதான் காரணம். அதுபோன்ற கொலைகள் நாட்டின் பல மூலைகளிலும் நடந்த பின்புதான், ஒரு செய்தியை ஒரே வேளையில் ஐந்து இடங்களுக்குமேல் அனுப்ப முடியாதபடி வாட்சாப் நிறுவனத்தார் இந்தியாவில் தடை வைத்தார்கள். ஆகவே பொய்யைப் பொய் என்று சொல்ல வேண்டும் என்பதில் எனக்கு ஐயம் இருந்ததில்லை, இன்றும் இல்லை. சொன்ன விதத்தைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன்.

இரவு பதினொரு மணிக்கு எழுதினேன். பேகூர் நாகேசுவரர் கோயிலில் உள்ள கங்கர் காலத்துக் கன்னடக் கல்வெட்டு பெங்களூர்ப் போரில் இறந்த வீரனைக் குறிப்பிடுகிறது, ஆண்டு 890. ஆகவே காலையில் வந்த செய்தி பொய். வழி தவறிய வீர வல்லாள மன்னனுக்கு ஒரு கிழவி வெந்த பயறு கொடுத்ததால் ‘பெந்தகாளூரு’ என்று பெயர் வந்ததாகப் பெரியவர் முன்பு எழுதிய கதையும் பொய். அம்மன்னன் காலம் பன்னிரண்டாம் நூற்றாண்டு, கல்லோ அதற்கு முந்நூறு ஆண்டு மூத்தது. இவ்வளவோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. “தறியில் துணியை நெய்யலாம், வரலாற்றை நெய்யக் கூடாது” என்று முடித்தேன். முடித்ததும் அந்த வாக்கியத்தை நானே இரண்டு முறை படித்து மகிழ்ந்தேன். மன்றத்துப் பட்டிமன்றத்தில் கைதட்டு வாங்கும் வாக்கியம் அல்லவா!

மறுநாள் ஐந்தரைக்கு ஒலி இல்லை. ஆறுக்கும் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. அவர் போடாததால் மற்றவர்களும் போடவில்லை. முதற்குரல் இல்லாமல் எப்படித் தொடங்குவது என்று யாருக்கும் தெரியவில்லை. மூன்றாம் நாள் காலை அம்மா அடுப்படியிலிருந்து கேட்டார்: “நீ என்னடா எழுதினே?”

“உண்மையைத்தான் எழுதினேன்.”

“உண்மை இருக்கட்டும். சந்தாபுரத்துல அந்தத் தங்கவயல் அக்கா தனியா இருக்குதில்ல? மகன் துபாய்ல. காலையில பெரியவரு வணக்கம் போட்டா அது கைகூப்பற பொம்மை போடும். போடலேன்னா நான் போன் பண்ணுவேன். போன மழைக்காலத்துல அது வழுக்கி விழுந்து எந்திரிக்க முடியாமக் கெடந்தது எப்படித் தெரிஞ்சுதுன்னு நெனைக்கிறே? மூணு நாளா யாரு இருக்காங்க, யாரு இல்லேன்னே தெரியலே.”

எனக்கு ஒரு விடையும் தோன்றவில்லை. நான் அழித்துக்கொண்டிருந்த பூக்கள் ஒரு வருகைப் பதிவேடு என்பது அன்றுதான் தெரிந்தது. வகுப்பில் பேர் கூப்பிடும்போது ‘உள்ளேன் ஐயா’ என்கிறோம். அந்த விடையில் இலக்கிய நயம் இருக்கிறதா என்று எவராவது பார்க்கிறோமா?

அன்று மாலை பெரியவரின் அறைக்குப் போனேன். “வா தம்பி” என்று பாயை விரித்தார். முகத்தில் கோபம் இல்லை. அதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவர் கையை உயர்த்தித் தடுத்தார்.

“நீ சொன்னது சரியான்னு பக்கத்துத் தெருக் கன்னட வாத்தியாரைக் கேட்டேன். சரிதானாம். ஆனா அவர் காட்டின புஸ்தகத்துல ‘சுமார் 890’ன்னு இருக்குது. உன் எழுத்துல அந்தச் ‘சுமார்’ எங்கே போச்சு?”

நண்பர்களே, எங்கள் ஆய்வகத்தில் ஓர் அளவை எழுதும்போது, அதில் எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம் என்பதையும் சேர்த்து எழுதாவிட்டால் ஏட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். இரண்டு ஆண்டாக அதையே பயின்றவன் நான். கண் மங்கிய நெசவாளர் ஒருவர் என் ஏட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

சற்று நேரம் சும்மா இருந்துவிட்டு, “நம்மளது ஒண்ணுமே இல்லையா அப்ப?” என்று கேட்டார். அந்தக் கேள்வியில் பெருமை பேசும் ஆசை இல்லை. நாற்பது ஆண்டு ஓர் ஊரில் இருந்தவர், இந்த மண்ணில் தமக்கும் ஒரு முழம் இடம் உண்டா என்று கேட்டதாகவே எனக்குப் பட்டது. இருக்கிறது என்றேன். பெங்களூர் மாவட்டத்துக் கல்வெட்டுகளை ரைஸ் என்பவர் தொகுத்து 1905இல் வெளியிட்டார். அதில் ஆனேக்கல் வட்டத்துக் கல்வெட்டுகளும் உண்டு, தமிழ்க் கல்வெட்டுகளும் மிகுதி. தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயிலில் தமிழ் எழுத்து இருக்கிறது. மடிவாளம் சோமேசுவரர் கோயிலின் வெளிச்சுவரிலும் இருக்கிறது. அங்கே 1247ஆம் ஆண்டுக் கல்வெட்டில், பேகூர் அன்று வெப்பூர், பெங்களூர் அன்று வேங்களூர். “மடிவாளமா? அந்த வழியாத்தானே பட்டுக்கட்டு எடுத்துக்கிட்டு ஆயிரம் தடவை போயிருக்கேன்!” என்றார்.

ஏப்ரல் மாதத்து ஞாயிறு ஒன்றில், சந்தாபுரம் வழியாகப் பேருந்தில் போனோம். கோயிலைச் சுற்றிலும் ஓசூர் சாலையின் இரைச்சல். செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரோரமாக நின்றோம். ஏழெட்டு நூற்றாண்டுக்கு முந்தைய தமிழெழுத்தை நம்மால் மளமளவென்று படிக்க முடியாது. புள்ளி இல்லை, கிரந்த எழுத்து நடுவே கலந்து வருகிறது, சில இடங்களில் கல்லே தேய்ந்திருக்கிறது. நான் இரண்டு வரியில் களைத்துவிட்டேன். அவரோ முகத்தைச் சுவரருகே கொண்டுபோய், விரலைக் கல்லில் படாமல் நகர்த்தி, பாவில் இழை அறுந்த இடத்தைத் தேடுவதுபோல ஒவ்வோர் எழுத்தாகப் போனார். “இது ‘த’. இது ‘ம’... இரு, அதுக்கப்புறம் தெரியலே.” தெரியாததைத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு அடுத்த எழுத்துக்குப் போனார். ஒரு மணி நேரம் ஆயிற்று. கோயிலுக்கு வந்த ஒரு கன்னடப் பெண்மணி, என்ன எழுதியிருக்கிறது என்று எங்களைக் கேட்டார். “ஏரிக்குக் கீழே நிலம் கொடுத்த கணக்கு, அம்மா” என்று பெரியவர் கன்னடத்தில் சொன்னார். அதே கோயிலில் 1365ஆம் ஆண்டைச் சேர்ந்த இன்னொரு கல்வெட்டு தாமரைக்கரை என்ற இடத்தைச் சொல்கிறது. அது பக்கத்திலுள்ள இன்றைய தாவரெகெரே என்று ஆய்வாளர் கருதுகின்றனர் என்றேன். அந்தப் பெண்மணி தாவரெகெரேயில்தான் குடியிருக்கிறாராம். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். நான் அங்கே இருந்ததையே மறந்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை காலை ஐந்தரைக்குக் கைப்பேசி ஒலித்தது. செம்பருத்தி இல்லை, எழுத்து மட்டும்.

“எல்லாருக்கும் காலை வணக்கம். போன மாதம் நான் போட்டது தப்பு. பேகூர்க் கல் கன்னடம், சுமார் 890. மடிவாளச் சுவர் தமிழ், 1247. இரண்டும் இருக்கின்றன, போய்ப் பார்க்கலாம். தப்பை யாருக்காவது அனுப்பியிருந்தால் இதையும் அனுப்பவும். வெந்தகாளூர்க் கதை பொய் என்கிறார் நம் தம்பி. ஆனால் நேற்றுப் பதினொரு மணி வெயிலில் செருப்பில்லாமல் கோயிலைச் சுற்றி வந்தேன். வெந்த காலூர் என்பது உண்மை.”

ஐந்து முப்பத்து நான்குக்குச் சந்தாபுரத்திலிருந்து கைகூப்பும் பொம்மை வந்தது. அடுப்படியில் அம்மா, “அக்கா வந்தாச்சு” என்றார். அப்பா செய்தியை உரக்கப் படித்து, கன்னடமாக்கி வீட்டுக்காரருக்கும் சொன்னார். நான் குளித்து உண்டு ஓடி, பேருந்தில் இடம் பிடித்து உட்கார்ந்த பிறகே நினைவு வந்தது: நான் இன்னும் பதில் போடவில்லை. சந்தாபுரம் தாண்டுமுன் போட்டுவிட்டேன்.