என் தாயார் ஓதிய அல்ஹம்து

 

மக்தபில் சிறார்களுக்கு ஓதிக் கொடுக்கும் பணியில் இருபது ஆண்டுகளைக் கடந்துவிட்டேன், அல்ஹம்துலில்லாஹ். உங்களுக்கு ஈமானைக் கற்றுத் தந்த உஸ்தாத் யார் என்று எவரேனும் கேட்டால், நான் ஓதிய அரபுக் கல்லூரியின் ஹஜ்ரத்மார்களுக்கு முன்பாக என் தாயாரே நினைவுக்கு வருகிறார். அவருக்குக் குர்ஆனைத் தட்டுத்தடுமாறித்தான் ஓதத் தெரியும்.

சிவகாசியில் ஓர் ஓட்டு வீடு எங்களுடையது. 1987இல் அத்தா மவ்த்தானபோது எனக்கு எட்டு வயது, தங்கைக்கு நான்கு. அந்நாளில் விருதுநகர் மாவட்டத்தின் பல தெருக்களில் ஒரே நேரத்தில் இரண்டு அழைப்புகள் கேட்கும். ஒன்று பள்ளிவாசலிலிருந்து வரும் சுப்ஹு பாங்கு. மற்றொன்று தீப்பெட்டி ஆபீஸ் வண்டியின் ஹாரன். இருள் பிரியும் முன்பே அவ்வண்டிகள் ஊர் ஊராய் வந்து பெண்களையும் சிறார்களையும் ஏற்றிச் செல்லும். தூக்கம் கலையாத கண்களோடு, தூக்குவாளியைக் கையில் பிடித்தபடி என் வயதுப் பிள்ளைகள் ஏறுவதை நான் தினமும் கண்டிருக்கிறேன்.

இத்தா முடிந்த சில நாட்களில் ஓர் ஏஜெண்ட் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். பையனை அனுப்பினால் முன்பணமாக 300 ரூபாய் தருவதாகச் சொல்லி, நோட்டுகளைத் திண்ணையில் வைத்தார். அன்று வீட்டில் அரிசி இல்லை என்பது எனக்குத் தெரியும். தாயார் கதவுக்குப் பின்னால் நின்றபடியே சொன்னார்: "காசை எடுத்துக்கங்கண்ணே. இவன் ஓதணும், பள்ளிக்கூடம் போகணும். வேலை இருந்தா எனக்குக் குடுங்க, நான் வீட்டுல இருந்து ஒட்டித் தாரேன்."

அன்று முதல் எங்கள் வீடு பசை வாடையால் நிறைந்தது. மேல்பெட்டி, அடிப்பெட்டி என்று கட்டுக்கட்டாகத் தாள் வந்து இறங்கும். 144 பெட்டி ஒட்டினால் ஒரு குரோஸ். கூலி குரோஸ் கணக்கில்தான். மழைக்காலத்தில் பசை காயாது. அந்நாட்களில் அடுப்பும் அரைகுறையாகவே எரியும். மறைக்காமல் சொல்கிறேன், பாடம் முடிந்த மாலைகளில் நானும் பசை தடவியிருக்கிறேன். ஆனால் மக்தப் நேரத்திலோ பள்ளிக்கூட நேரத்திலோ ஒரு பெட்டியைத் தொடவும் அவர் என்னை விட்டதில்லை.

1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் தீப்பெட்டித் தயாரிப்பில் சிறாரை அமர்த்துவதைத் தடை செய்தது. ஆயினும் குடும்பத்தார் துணையோடு வீட்டில் செய்யும் வேலைக்கு அது விலக்கு அளித்தது. சிவகாசிச் சிறாரைக் குறித்து உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்பளித்தது. சட்டத்தை மீறிச் சிறாரை அமர்த்தும் முதலாளி, குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாய் நல நிதிக்குச் செலுத்த வேண்டும் என்றது. என் தாயாருக்கு அந்தச் சட்டமும் தெரியாது, தீர்ப்பும் தெரியாது. ரிஸ்க்கு ரப்பிடம் இருக்கிறது, பிள்ளை தன்னிடம் அமானத்தாக இருக்கிறான் என்ற இரண்டு மட்டுமே தெரியும். அந்த அறிவைக் கொண்டே 300 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார்.

பெட்டிகளை எண்ணும்போது ஒவ்வொன்றுக்கும் ஓர் 'அல்ஹம்துலில்லாஹ்' சொல்வார். ஒருநாள் சரக்கைக் கொடுத்துவிட்டு வந்த பின், பாயின் அடியில் இரண்டு பெட்டிகள் கிடந்தன. உச்சி வெயிலில் அவற்றை என்னிடம் கொடுத்து அனுப்பினார். ஏஜெண்ட் சிரித்தார்: "ரெண்டு பெட்டிக்காகவா இம்புட்டுத் தூரம் நடந்து வந்தே?" வெட்கத்தோடு திரும்பி வந்து முறையிட்டேன். "அவுக எண்ணிப் பாக்க மாட்டாகய்யா. அதனாலதான் நாம சரியா எண்ணணும்" என்றார். அளவில் குறைப்போருக்குக் கேடு என எச்சரித்துத் தொடங்கும் 83ஆவது அத்தியாயத்தைப் பல ஆண்டுகளுக்குப் பின் கல்லூரியில் தஃப்ஸீருடன் படித்தேன். ஹஜ்ரத் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க, என் கண்முன்னே அந்த இரண்டு பெட்டிகள்தாம் நின்றன.

இப்போது, சொல்லத் தயங்கும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும்.

பட்டம் பெற்று ஊர் திரும்பிய முதல் ரமளான் அது. எங்கள் வீட்டில் தெருப் பெண்கள் கூடியிருந்தனர். தாயார் அல்ஹம்து சூராவைச் சப்தமாக ஓதினார். தொண்டையின் நடுவிலிருந்து எழ வேண்டிய 'ஹா' அவர் நாவில் வெறும் மூச்சாக வந்தது. புதிதாகக் கற்றவனின் மிடுக்கில், பக்கத்து அறையிலிருந்தபடியே, அத்தனை பேர் கேட்க, "அம்மா, அப்படி ஓதினால் பொருளே மாறிவிடும்" என்றேன். அவர் நிறுத்தினார். வேறொரு பெண் தொடர்ந்து ஓதினார். அதன் பிறகு என் காதுபட அவர் சப்தமாக ஓதவே இல்லை. நான் அதைக் கவனிக்கவும் இல்லை.

ஏறக்குறைய ஓராண்டு கழித்து, என்னிடம் ஓதும் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி பெருமையோடு சொன்னாள்: "ஹஜ்ரத், உங்க அம்மாவுக்கு நான்தான் ஓதிக் கொடுக்கிறேன். இப்ப ஹா நல்லா வந்திருச்சு." நான் மக்தபுக்குப் புறப்பட்ட பிறகு, மாலை நேர வகுப்பு அவளுக்குத் தொடங்கும் முன்பாக, அவளை அழைத்து உட்கார வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கற்றிருக்கிறார். அந்தச் சிறுமிக்கு அன்றாடம் ஒரு கடலைமிட்டாய் கூலி.

அன்றிரவு தாயாரின் காலடியில் அமர்ந்து மன்னிப்புக் கேட்டேன். அவர் வியப்போடு பார்த்தார். "நீ சொன்னது சரிதானேய்யா? தப்பா ஓதிக்கிட்டே மவ்த்தாயிறக் கூடாதுல்ல" என்றார். அவர் உள்ளத்தில் மனத்தாங்கலின் சுவடே இல்லை. என் சொல் முரட்டுத்தனமானது. ஆனால் அதில் இருந்த உண்மையை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றதை அவர் அன்றே விட்டுவிட்டார். குர்ஆனைச் சிரமப்பட்டுத் திக்கித் திக்கி ஓதுபவருக்கு இரண்டு கூலி உண்டு என்னும் நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. தேர்வில் அதை எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான். அந்த இரண்டு கூலிக்கும் உரியவர் என் வீட்டிலேயே இருந்ததை அறியாமல் போனேன்.

தாயார் வஃபாத்தாகி எட்டு ஆண்டுகள் ஆகின்றன. இன்று என் வகுப்பில் ஒரு பிள்ளை தடுமாறினால் நான் குரலை உயர்த்துவதில்லை. அருகில் அழைத்து, மற்றவர் காதில் விழாதபடி திருத்துகிறேன். ஆபீஸ் வண்டியில் ஏறிச் சென்ற என் தோழன் ஒருவனின் மகனும் என்னிடம் ஓதுகிறான். மகனை அழைத்துப்போக வரும் அத்தோழன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருப்பான். ஒருநாள், "எனக்கும் இந்த வயசுல ஓதணும்னு ஆசைடா" என்றான். உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். இப்போது வியாழக்கிழமை இரவுகளில் வருகிறான். அலிஃப், பாவிலிருந்து தொடங்கியிருக்கிறோம்.

லுக்மான் அத்தியாயத்தின் 14ஆவது வசனத்தில், தனக்கு நன்றி செலுத்துமாறு கூறும் அல்லாஹ், அதனோடு சேர்த்தே பெற்றோருக்கும் நன்றி செலுத்துமாறு கூறுகின்றான். பெற்றோர் ஹயாத்தோடு இருக்கும் சகோதரர்களே, அவர்களுடைய ஓதலில், தொழுகையில், பேச்சில் ஏதேனும் பிழை கண்டால், முதலில் அவர்கள் உங்களுக்காக எதை வேண்டாமென்று திருப்பிக் கொடுத்தார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். பிறகு திருத்துங்கள், மெதுவாகத் திருத்துங்கள்.

சிறுவனாய் இருந்தபோது என்னை வளர்த்தது போல் அவர்கள் இருவர் மீதும் ரப்பு கருணை புரிவானாக. என் தாயாரின் கபரை விசாலமாக்கி, அவர் ஓதிய ஒவ்வோர் எழுத்தையும் ஏற்றுக்கொள்வானாக. ஆமீன். உங்கள் துஆவிலும் அவரைச் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன்.