அம்பாசடருக்கு என்ன விலை?

ஒரே காருக்கு ஒருத்தர் 24,000 என்கிறார், இன்னொருத்தர் எட்டு லட்சம் என்கிறார். நடுவில் மாட்டிக்கொண்டவன் கதி என்ன ஆகும்? போன மாதம் மாட்டியது அடியேன்.

கார் எங்கள் கீழ் வீட்டு மாஷிமாவுடையது. (மாஷி என்றால் அம்மாவின் சகோதரி. கொல்கத்தாவில் வயதான பெண்மணிகள் எல்லோருமே மாஷிமாதான்.) 1974ல் வாங்கிய அம்பாசடர் மார்க்-2. அவர் கணவர் போன வருடம் காலமானார். காரை வைத்துக்கொள்ள ஆசைப்படுவது மகள். அப்பாவை அதில் டாக்டரிடம் கூட்டிப்போனதும், வண்டிக்குச் செலவழித்ததும் அவர்தான். கனடாவில் இருக்கும் மகன், "தாராளமாக வைத்துக்கொள்ளட்டும், விலையில் பாதி எனக்கு வரட்டும்" என்கிறார். கேட்டதில் தப்பில்லை. ஆனால் எதில் பாதி?

அவர் இணையத்தில் பார்த்த விளம்பரத்தில் எட்டு லட்சம். தங்கை விசாரித்த காயலான் கடைக்காரர் கிலோவுக்கு 22 ரூபாய் சொன்னார். வண்டி ஏறக்குறைய 1,100 கிலோ, கணக்கு 24,200. இதில் அண்ணனும் தங்கையும் இரண்டு மாதமாகப் பேசிக்கொள்வதில்லை. நான் பேங்கில் கடன் பிரிவில் இருப்பதால் மாஷிமா என்னிடம் வந்துவிட்டார். "நியாயமா ஒரு விலை சொல்லு பாபா. காரை விட எனக்கு இவங்க ரெண்டு பேரும் பேசறதுதான் முக்கியம்."

முதலில் இன்சூரன்ஸ் பாலிசியைத்தான் நீட்டினார்கள். அது உதவாது. புது வண்டிக்கு வருடா வருடம் இத்தனை சதவீதம் என்று கழித்துக்கொண்டே வருகிற அட்டவணை ஐந்து வருடத்தில் 50 சதவீதத்தோடு முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் கம்பெனியும் உரிமையாளரும் பேசி வைத்துக்கொள்வதுதான் தொகை. ஐம்பது வயது வண்டிக்கு அந்த எண்ணை விலை என்று எடுத்துக்கொள்ள முடியாது.

அடுத்தது, "இப்பதான் அம்பாசடரே வர்றதில்லையே, அபூர்வமாச்சே" என்ற வாதம். இங்கே பக்கத்தில் உத்தர்பாரா ஆலையில் 2014 மே மாதத்தோடு உற்பத்தி நின்றது வாஸ்தவம். ஆனால் அரை நூற்றாண்டுக்கு மேல் அடித்துத் தள்ளிய வண்டி அது. மஞ்சள் டாக்சி ஓடிய ஊரில் உதிரி பாகத்துக்கும், கண்ணை மூடிக்கொண்டு எஞ்சினைப் பிரிக்கும் மெக்கானிக்குக்கும் பஞ்சமில்லை. சரிசெய்வது சுலபம் என்பதால்தான் வாங்க ஆள் வருகிறார்கள். நிறைய வண்டி மிச்சமிருப்பதால் விலையும் ஒரு எல்லைக்கு மேல் ஏறுவதில்லை.

சரி, வண்டிக்கு வருவோம். ஆர்.சி. புத்தகத்தோடு சேசிஸ் நம்பரையும் எஞ்சின் நம்பரையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். இரண்டும் பொருந்தின. பெரிய விஷயம் இது! பெட்ரோல் அம்பாசடரில் டீசல் எஞ்சினை ஏற்றி ஓட்டியவர்கள் ஏராளம். இதில் பழைய 1489 சிசி பெட்ரோல் எஞ்சின் அப்படியே இருந்தது. கிரில் மட்டும் மார்க்-2க்கு உரிய கட்டம் போட்டது இல்லை, பிந்தைய மாடலில் இருந்து யாரோ மாட்டியிருக்கிறார்கள்.

பிறகு காந்தம். பாடியில் இரும்பு இருக்கும் இடத்தில் ஒட்டும், பட்டி அடித்து மூடிய இடத்தில் வழுக்கும். கதவுக்குக் கீழே இரண்டு பக்கமும் வழுக்கியது. மிதியடியைத் தூக்கினால் தரை துருவேறிக் கிடந்தது. மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீரில் ஓடிய வண்டி வேறெப்படி இருக்கும்? அம்பாசடருக்கு லாரி மாதிரி தனி சேசிஸ் கிடையாது, பாடிதான் எலும்புக்கூடு. அதனால் தரைத் துரு வெறும் அழகுப் பிரச்சினை இல்லை.

மல்லிக் பஜாரில் தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிவந்து கணக்குப் போடச் சொன்னேன். தரை, டிங்கரிங் 65,000. எஞ்சின் 50,000. பிரேக், சஸ்பென்ஷன், வயரிங் 40,000. பெயின்ட் 60,000. சீட், கிரில், ரப்பர் சாமான் 25,000. ஆக 2,40,000.

இதே வயது வண்டியை நல்ல நிலையில் சமீபத்தில் விற்ற இரண்டு பேரைத் தேடிப்பிடித்தேன். கையில் வாங்கிய தொகை 3,60,000, 4,00,000. நடுவில் 3,80,000. அதில் ரிப்பேர் செலவைக் கழித்தால் 1,40,000. 20 வயது தாண்டிய காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2025ல் 10,000 ரூபாய் ஆகிவிட்டது. அதோடு வாரிசு பெயருக்கு மாற்றும் அலைச்சல் எல்லாம் சேர்த்து 15,000. மிச்சம் 1,25,000.

"ஐம்பது வருடம் தாண்டினால் விண்டேஜ் ஆச்சே?" என்று கனடாவில் இருந்து கேள்வி. 2021ல் வந்த விதிப்படி, மாற்றம் செய்யாத வண்டிக்கு 20,000 ரூபாய் கட்டி 'விஏ' என்ற எழுத்தோடு பதிவு வாங்கலாம்தான். ஆனால் அப்புறம் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு என்று மட்டுமே தெருவில் இறக்க முடியும். தினமும் ஓட்ட நினைக்கும் தங்கைக்கு அதனால் லாபமில்லை.

இருந்தும் என் கணக்கு காகிதக் கணக்குதானே. ஒரு தரகரை வரவழைத்தோம். சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "1,10,000, இப்பவே கையில்" என்றார். எனக்கு மூச்சு வந்தது.

1,25,000க்கே முடிவு செய்து, தங்கை பாதியான 62,500ஐ அண்ணனுக்குக் கொடுப்பது என்று எழுதினேன். கூடவே ஒரு வரி: ஐந்து வருடத்துக்குள் விற்றால், ரிப்பேர் பில்களைக் கழித்தது போக 1,25,000க்கு மேல் வருவதில் பாதி அண்ணனுக்கு. நாளைக்கே யாராவது எட்டு லட்சம் கொடுத்தால் ஏமாந்துவிட்டோமோ என்று அவர் நினைக்கக் கூடாது அல்லவா?

அந்த வரியைப் படித்துவிட்டு அண்ணன் எனக்குப் பதில் போடவில்லை. நேராகத் தங்கைக்குப் போன் செய்திருக்கிறார். முக்கால் மணி நேரம் பேசினார்களாம், அதில் விலைப் பேச்சு இரண்டே நிமிடமாம். மாஷிமா ஒரு பானை ரசகுல்லாவோடு வந்து சொன்னார்.

வண்டி இப்போது டிங்கரிங்கில் இருக்கிறது. தரையில் இருந்து ஆரம்பித்திருக்கிறார்கள்.