ருஷ்யப் பியானோவும் காருகுறிச்சி நாகஸ்வரமும்

ருஷ்யப் பியானோ மேதை ஸ்வியாதொஸ்லாவ் ரிக்டர் 1915-ல் பிறந்தவர். 1937-ல் மாஸ்கோ சென்று நைகௌஸ் என்னும் ஆசிரியரிடம் சேர்ந்தார். 1960-ல்தான் அமெரிக்கா அவர் கச்சேரியைக் கேட்டது. கேட்டவர்கள் பிரமித்தார்கள். அவரோ வயது ஏற ஏறப் பெரிய மண்டபங்களை வெறுத்து, 71-ம் வயதில் ஸைபீரியா வழியே சிற்றூர் சிற்றூராகப் போய் வாசித்தார். அரங்கம் இருட்டாக இருக்கும். இசைக் குறிப்பின் மேல் மட்டும் ஒரு சிறு விளக்கு.

"நம் சீமையில் இப்படி ஒருவர் உண்டா, மாமா?" என்று நம் மருமகப் பிள்ளையாண்டான் சவால் விட்டான். முதுமையில் ரிக்டர் தேடிப் போன சிற்றூர்தான் நாகஸ்வர வித்வான்களுக்குப் பிறந்த வீடு என்பது அவனுக்குத் தெரியாது, பாவம்!

நாம் வசிக்கும் ஆழ்வார்குறிச்சியில் ரயிலேறி, அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர் தாண்டினால் காருகுறிச்சி. அவ்வூர் அருணாசலம் 1921-ல் பிறந்தவர். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் சிஷ்யர். சிஷ்யர் என்றால் குருவின் நிழல் என்று எண்ண வேண்டாம். குருவின் வாசிப்பு காட்டாறு என்றால், இவருடையது கோடையிலும் வற்றாத தாமிரபரணி என்பது நமது அபிப்பிராயம்.

பியானோவில் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு கட்டை. அழுத்தினால் சுருதி சுத்தமாக ஸ்வரம் வந்துவிடும். நாகஸ்வரத்தில் விரல் துளைகள் ஏழே ஏழு. மற்றதையெல்லாம் பாதி மூடிய விரலும், சீவாளியைக் கவ்விய உதடும், அடிவயிற்று மூச்சும் சேர்ந்து உண்டாக்க வேண்டும். தேர் வீதி முழுதும் கேட்பதற்கென்றே செய்த வாத்தியம் அது. அதைக் குழைய வைப்பது லேசான காரியமா? 1962-ல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் ஜானகி அம்மையாரின் மெல்லிய குரலோடு அருணாசலத்தின் ஆபேரி வருகிறதே, அதைக் கேளுங்கள். குரலை அது அமுக்கவில்லை; கைபிடித்துக் கூடவே நடக்கிறது.

1964-ல் அந்த மூச்சு நின்றது. வயது 43 கூட நிறைந்திருக்குமோ என்னவோ! ரிக்டர் 1997 வரை இருந்தார்.

சென்ற ஆவணியில் நம் ஊர்க் கல்யாணம் ஒன்றில் ஓர் இளைஞர் தோடியை எடுத்து விஸ்தரிக்கலானார். பத்து நிமிஷம் ஆகியிராது. பேச்சுக்கு இடைஞ்சல் என்று பந்தலிலிருந்து யாரோ கையைக் காட்டி நிறுத்தினார்கள். அவர் சீவாளியைக் கழற்றித் துடைத்து வைத்தார். பிறகு ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு கிளம்பிற்று. சப்தம் இரண்டு மடங்கு. யாரும் ஆட்சேபிக்கவில்லை.