லயத்து வாசலில் ஒரு தோணி

ஆகஸ்ட் 9

கச்சான் காற்று ஓயவில்லை. ஊவாத் தேயிலைக்கு வாசம் ஏறுகிற மாதங்கள் இவை. மரம் காய்வதற்கும் இதைவிட நல்ல காலம் கிடையாது. மாமா வாங்கி வந்த சப்பு மரச் சட்டங்களை லயத்துத் தாழ்வாரத்தில் இடையிடையே குச்சி வைத்து அடுக்கியிருக்கிறோம். எல்லாப் பக்கமும் காற்றுப் பட வேண்டும், வெயில் நேரே படக்கூடாது என்கிறார் மாமா. தேயிலை ஸ்டோரில் தச்சு வேலை பார்த்து ஓய்ந்தவர். மரத்தைத் தட்டிப் பார்த்தே ஈரம் சொல்லுவார்.

தோணி செய்யப்போகிறோம் என்று தெரிந்ததும் பக்கத்து வீட்டு அக்கா கேட்டார்: "இந்த மலையில அத எங்கங்க விடப்போறீங்க?" நியாயமான கேள்வி. தெமோதரையைச் சுற்றித் தண்ணீருக்குக் குறைவில்லை. ஆனால் எல்லாம் பாறைக்குப் பாறை தாவி ஓடுகிற தண்ணீர். பதுளு ஓயா பதுளையைக் கடந்ததும் துன்ஹிந்தையில் அறுபது மீட்டருக்கு மேல் விழுகிறது. அந்த ஓட்டத்தில் தோணி நிற்காது. மகியங்கனையில் சொரபொர வெவ இருக்கிறது. மலையடிவாரத்தில் விரிந்து கிடக்கிற பழைய குளம். அதுவும் எங்கள் பதுளை மாவட்டம்தான். இங்கே செய்து அங்கே விடுவோம் என்றேன்.

ஆகஸ்ட் 23

ஒரே மரத்தைக் குடைந்து செய்வதுதான் மாமாவின் ஆசை. அதற்கு இரண்டு பேர் கைகோத்து அணைக்கிற அடிமரம் வேண்டும். பலாவும் ஈரப்பலாவும் வெட்ட 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி அனுமதி பெற வேண்டும். அந்தச் சட்டம் நல்ல சட்டம், பலா சோறு போடுகிற மரம். எங்களுக்கு அதற்கு முன்னாலேயே ஒரு தடை இருக்கிறது. தோட்டத்தில் நிற்கிற எந்த மரமும் எங்களுடையதல்ல. தலைமுறை தலைமுறையாக நட்டதும் கவாத்து வெட்டியதும் எங்கள் கை. மரமோ, நிலமோ, குடியிருக்கிற காம்பராவோ எங்கள் பெயரில் இல்லை.

ஆகையால் கடையில் காசு கொடுத்து வாங்கிய ஆறு மில்லிமீட்டர் மரைன் பிளைவுட்டில் உடல், சப்பு மரத்தில் விளிம்பும் இருக்கையும், சவுக்கு மரத்தில் துடுப்பு என்று முடிவாயிற்று. நீளம் பதினான்கு அடி, அகலம் இரண்டரை அடி.

செப்டெம்பர் 6

பிளைவுட் எட்டடிக்கு மேல் நீளம் வராது, இரண்டை ஒட்டித்தான் ஆக வேண்டும். நேருக்கு நேர் ஒட்டினால் வளைக்கும்போது அந்த இடத்தில் உடையும். அதனால் இரண்டு ஓரங்களையும் சரிவாகச் சீவி, ஒன்றின்மேல் ஒன்றை ஏற்றி ஒட்ட வேண்டும். கனத்தைப் போல் எட்டு மடங்கு சரிவு: ஆறு மில்லிமீட்டர் பலகைக்கு நாற்பத்தெட்டு மில்லிமீட்டர். மாமா இரண்டு பலகைகளையும் படிக்கட்டு மாதிரி அடுக்கி ஒரே ஓட்டமாகச் சீவுளி போட்டார். பிளைவுட்டின் அடுக்குகள் கோடு கோடாகத் தெரிந்தன. கோடு கோணாமல் இருந்தால் சரிவு சரி.

செப்டெம்பர் 20

இன்று தைத்தோம். பலகைகளின் ஓரத்தில் நான்கு அங்குலத்துக்கு ஒரு துளை. வயரிங் கம்பியின் உறையை உரித்து எடுத்த செப்புக் கம்பியைத் துளைகளில் கோத்து முறுக்கினோம். தரையில் தட்டையாகக் கிடந்த பலகைகள், முறுக்க முறுக்க எழுந்து வயிறு வைத்தன. மகள் கைதட்டினாள். ஓரிடத்தில் பலகை வரவில்லை என்று நான் இழுத்தபோது மாமா கையைப் பிடித்தார். "பலவந்தம் பண்ணாத மாப்ள. பக்கத்துக் கம்பிய கொஞ்சம் தளத்து. அதுவாவே வரும்." தளர்த்தினேன், வந்தது.

தைத்து ஒட்டுகிற இந்த முறையை உலகமெங்கும் வீட்டு முற்றங்களுக்குக் கொண்டுபோனது 1963இல் இங்கிலாந்தில் வெளியான மிரர் என்ற சிறு பாய்ப்படகு. பாரி பக்நெல், ஜாக் ஹோல்ட் இருவரின் வடிவமைப்பு. எழுபதாயிரத்துக்கு மேல் செய்யப்பட்டிருக்கிறது. ஆனால் பலகையைத் தைப்பது நம்முடைய கடல்களில் மிகப் பழைய வேலை. இலங்கையின் தென்கரை ஓருவைப் பாருங்கள்: குடைந்த அடிமரத்தின்மேல் பக்கப் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்து ஏற்றுவார்கள், ஆணி கிடையாது. சோழமண்டலக் கரையில் அலை உடைகிற இடத்தைத் தாண்டிக் கப்பலுக்கு ஆட்களையும் சரக்கையும் கொண்டுபோன மசூலாப் படகுகளும் தைத்தவையே. ஆணி அடித்தால் அலை மோதும்போது பலகை பிளக்கும், தையல் நெகிழ்ந்து கொடுக்கும்.

ஒக்டோபர் 5

எப்பொக்சிப் பசைக்கு எங்கள் குளிர் பிடிப்பதில்லை. வெப்பம் பத்துப் பாகை குறைந்தால் இறுகும் நேரம் ஏறத்தாழ இரட்டிக்கும். வேகமாக இறுகட்டும் என்று கடினமாக்கியைக் கூட்டக்கூடாது. குறித்த விகிதம் மாறினால் பசை என்றைக்கும் முழுதாக இறுகாது. அதனால் காலை பத்துக்கு மேல் கலக்கி, பிற்பகல் மூடுபனி இறங்குவதற்குள் பூசி, மேலே படங்கு போட்டு உள்ளே மின்விளக்கு எரிய விட்டோம்.

சலித்த மரத்தூளைப் பசையில் குழைத்து உள்மூலை முழுவதும் நிரப்பி, கரண்டியின் முதுகால் வளைவாக இழுத்தோம். அதன்மேல் கண்ணாடி இழை நாடா. நாளை கம்பிகளை வெட்டி எடுத்துவிட்டு வெளிப்பக்கமும் நாடா ஒட்ட வேண்டும். பலகையைச் சேர்த்துப் பிடித்த செம்பின் வேலை அத்தோடு முடிகிறது.

ஒக்டோபர் 19

வேலை முடிந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். கீழே பதுளைக் கோச்சி வளையத்தைச் சுற்றி, தான் நின்ற ஸ்டேஷனுக்கே அடியில் உள்ள சுரங்கத்துக்குள் நுழைந்தது. 1924இல் பதுளை வரை போன பாதை இது. அந்தக் கோச்சியில்தான் மாமாவின் அண்ணன் குடும்பம் போனது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு எங்கள் சனத்தை எண்ணிக்கையாகப் பிரித்தார்கள்: ஐந்து லட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இங்கே, மிச்சம் ஒன்றரை லட்சம் பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று. தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கியவர்களை ஏற்றிப்போன வண்டிக்கு மலையகத்தில் ஒப்பாரிக் கோச்சி என்று பெயர்.

எங்கள் வரலாற்றில் கப்பல் வருகிற இடமெல்லாம் துக்கம்தான். எங்கள் சனத்தை ஏற்றி வந்து 1864இல் மூழ்கிய ஆதிலட்சுமிக் கப்பலை மலையகம் இன்னும் மறக்கவில்லை. மற்றக் கப்பல்களில் கரை சேர்ந்தவர்கள் மன்னாரிலிருந்து காட்டு வழியே நடந்து மலையேறினார்கள். அந்த வழியை நினைத்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தவர்களில் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளும் உண்டு. 1948இல் குடியுரிமையைப் பறித்த பிறகு எங்களைக் கள்ளத்தோணி என்று ஏசினார்கள். மாமா பள்ளிக்கூடத்தில் அதைக் கேட்டு வளர்ந்தவர். "எங்கள ஏத்துனவன் எவனோ, எறக்குனவன் எவனோ. தோணிய நாங்க கண்ணால பாத்தது கூட இல்ல மாப்ள," என்றார். இந்த வேலை எனக்கு ஏன் இத்தனை முக்கியம் என்று அப்போது தெளிவாயிற்று. தண்ணீரில் பிறர் ஏற்றிப்போன சரக்காகவே இருந்த சனம், தன் கையால் ஒரு தோணி செய்து, தானே துடுப்புப் பிடித்து, தான் நினைத்த திசைக்குப் போய்த் திரும்ப வேண்டும்.

அன்னபூரணியின் கதையைச் சொன்னேன். வல்வெட்டித்துறையில் 1930இல் வேப்பமரத்தில் கட்டிய பாய்க்கப்பல். அமெரிக்கர் ஒருவர் வாங்க, அந்த ஊர் மாலுமிகளே ஓட்டிச் சென்று 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். மாமா வெகுநேரம் கழித்துக் கேட்டார், "வேம்பா? சட்டத்துக்கும் வேம்பா?"

டிசெம்பர் 14

வடகீழ்ப் பருவமழை. பாதையோரங்களில் மண் சரிகிறது. படங்குக்கு அடியில் சாண்ட் பேப்பர் தேய்ப்பு. எப்பொக்சி வெயிலில் கெடும், அதனால் மேலே வார்னிஷ் அவசியம். மாமா சவுக்குக் கட்டையில் துடுப்பு செதுக்குகிறார், மகளுக்கு அவள் மூக்கு உயரத்தில் ஒன்று. சவுக்கின் வரி துடுப்பின் அகலத்தில் மீன்செதில் போல மின்னுகிறது.

பெப்ரவரி 15

மழை விட்டுக் குளங்கள் நிரம்பி நிற்கின்றன. தோணியை லொறியில் கட்டிப் பதுளை வழியாக இறங்கினோம். வளைவுக்கு வளைவு தேயிலை குறைந்து, காற்று சூடேறி, வயல் வந்தது.

சொரபொர வெவவின் மதகைப் பாறையைக் குடைந்து செய்திருக்கிறார்கள். புலத்தா என்ற வீரன் கட்டிய குளம் என்பது ஊர்க்கதை. கரையில் சிங்கள மீனவர்கள் வலை தட்டிக்கொண்டிருந்தார்கள். 1952இல் இந்நாட்டுக் குளங்களுக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியாதான் பெரும்பாலும் பிடிபடுவது. அவர்களில் மூத்தவர் எங்கள் தோணியின் விளிம்பைக் கையால் அமுக்கிப் பார்த்தார். அவர்களுடைய ஓருவுக்குப் பக்கத்தில் மிதக்கும் கட்டைதான் நிலை கொடுக்கிறது. எங்களுடையதற்குத் தட்டையான அடி. மண்டியிட்டு உட்காருங்கள், எழுந்து நிற்காதீர்கள் என்று சொல்லிவிட்டு, தன் ஓருவைப் பக்கத்திலேயே கொண்டுவந்தார். எல்லோருக்கும் உயிர்காப்பு அங்கி போட்டேன்.

மாமா தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, தோணியைத் தள்ளினார். தோணியும் நாங்களும் சேர்ந்து சுமார் நூற்றைம்பது கிலோ. இருபது கிலோவுக்கு ஒரு சென்டிமீட்டர் அமிழும் என்று கணக்குப் போட்டு வெளியே பென்சில் கோடு இழுத்திருந்தேன். தண்ணீர் அந்தக் கோட்டை ஒட்டி நின்றது. ஒரு மூட்டிலும் கசிவில்லை. மகள் முன்னால், மாமா நடுவில், நான் பின்னால். குளத்தின் நடுவில் மாமா என் கையிலிருந்து துடுப்பை வாங்கிக்கொண்டார். "கரைக்கு நான் கொண்டுபோறேன்," என்றார். கொண்டுபோனார்.

பெப்ரவரி 23

பலகை வெட்டிய அச்சுகளைத் தோட்டத்து வாசிகசாலைச் சுவரில் மாட்டியிருக்கிறோம். அளவுகளை ஒரு கொப்பியில் சுத்தமாக எழுதிப் பக்கத்தில் தொங்கவிட்டேன். தண்ணீர்ப் பக்கம் போகாதே என்று அதட்டியே நம் பிள்ளைகளை வளர்த்துவிட்டோம். இனி முதலில் நீச்சல் சொல்லிக்கொடுக்க வேண்டும், பிறகு துடுப்பு, பிறகு சீவுளி. இந்த நிலத்துக்கு எங்களிடம் உறுதிப் பத்திரம் இல்லை. அதைக் கேட்டுக்கொண்டேதான் இருப்போம். ஆனால் கையில் ஏறிய வேலையை யாரும் அளந்து பிரித்து எடுத்துக்கொள்ள முடியாது. அடுத்த தோணிக்கு இளைஞர்கள் பணம் சேர்க்கத் தொடங்கிவிட்டார்கள். அதன் பலகைகளை அவர்களே அளந்து வெட்டட்டும். மாமா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டால் போதும்.