வழியில் ஒரு தீவு

பள்ளி விடுமுறையில் சுங்கை பாக்காப் இளைஞர் நால்வர் தோளில் பையுடன் தீவு பார்க்கப் புறப்பட்டனர். பத்து மூசாங் படகுத்துறையிலிருந்து முதலில் அமான் தீவு. கார் ஓடாத மீனவக் கிராமம். இறால் மீயின் ருசிக்கே அங்கு போகலாம்!

மறுநாள் பினாங்குத் தீவுக்குப் பயணம். 2014இல் திறந்த 24 கிலோமீட்டர் இரண்டாவது பாலத்தில் போகையில், வலப்பக்கம் பச்சை மலையாய் நின்றது ஜெரஜாக் தீவு. 1969 முதல் 1993 வரை அங்கே சிறை இருந்தது என்பது மட்டுமே அவர்களுக்குத் தெரியும்.

அதற்கு வெகு முன்பே, நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்த நம் முன்னோரை, தொற்றுநோய்க்குப் பயந்து அங்கேதான் தங்க வைத்தார்கள். பலருக்கு மலாயாவில் கால் வைத்த முதல் மண் அதுதான்.

பெற்றோர்களே, பிள்ளைகள் ஊர் சுற்றுவதைத் தடுக்காதீர்கள். தாத்தா பாட்டி சொல்லிக் கேட்ட கப்பல் கதையையும் சொல்லி அனுப்புங்கள்.